இந்தக் கை செஞ்ச வேலை

தம்பி, டிக்கெட் எடுத்துட்டீங்கள்ல? கோவிச்சுக்காதீங்க, பழக்கதோஷம். காலம் பூரா இதே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்குனவன் நான். பஸ்ல ஏறி டிக்கெட் செக் பண்ற இன்ஸ்பெக்டரு. பேரு சோலையப்பன். ரிட்டயர்டு ஆகியும் வாய் நிக்க மாட்டேங்குது. உங்ககிட்ட டிக்கெட் இருக்கு, அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சரி, பரவாயில்ல, நானே சொல்றேன்.

டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி ஜன்னல் பக்கம் இருக்கும். நீங்களும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருக்கீங்க, ஆனா அது வேற மாதிரித் திரும்புறது. உங்க கழுத்து தளர்வா இருக்கு. அவன் கழுத்து வெறைச்சிருக்கும். அப்புறம் கால். உங்க காலு என்னைய விட்டு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கு பாருங்க, பெரியவங்களுக்கு இடம் விடுற பழக்கம். வளர்ப்பு அப்படி. காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டீங்க, ஆர்வம் வந்துருச்சு. என்னது, சார்ஜ் தீர்ந்துபோச்சா? அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

எல்லாத்தையும் விட கைதான் தம்பி முக்கியம். பஸ்ஸு மெதுவாப் போறப்ப இறங்கி ஓடப்போறவன் இருக்கான் பாருங்க, அவன் ஓடுறதுக்கு முன்னாடியே பையை வலது கையில இருந்து இடது கைக்கு மாத்திருவான். வலது கை காலியா வேணும் அவனுக்கு. மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்குறதை அவனுக்கே தெரியுறதுக்கு முந்தி அவன் பை எனக்குச் சொல்லிரும். வாய் பொய் சொல்லும், கை சொல்லாது. எத்தனை கண்டக்டருங்களுக்கு இதை நான் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா.

ஒரே ஒரு தடவை, உசிலம்பட்டிக்கு முன்னாடி, ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்து, கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தான். விடுவேனா? எந்திரிக்கச் சொல்லி, பையெல்லாம் கொட்டச் சொல்லி, அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்திட்டேன். கடைசில டிக்கெட் இருந்துச்சு. அவசரமா ஒதுங்கணுமாம், அதான் அப்படி உக்காந்திருந்தானாம். கண்டக்டரு சிரிச்சான். நான் சொன்னேன், டிக்கெட் இருந்துச்சு சரி, ஆனா மனசுல ஏதோ ஒரு கள்ளம் இல்லாம ஒரு மனுஷனுக்கு அவ்வளவு வேர்க்காதுன்னு. அவன் வேற எதையோ மறைச்சிருக்கான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது உறுத்தலாத்தான் இருக்கு.

நீங்க கம்பமா? நான் சின்னமனூர்ல இறங்கணும். மக வீட்டுக்குப் போறேன். பையை நீங்க ஒண்ணும் வாங்கி வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். ரெண்டு முழம் மல்லிகை, ஒரு துண்டு, அவ்வளவுதான் இருக்கு. எடுத்துட்டு வந்தோமா இல்லையான்னே தெரியல, காத்து மாதிரி இருக்கு.

மக வீட்டுக்குப் போறவன் மூஞ்சி இப்படியா இருக்கும்னு பாக்குறீங்க. பாத்துட்டீங்கள்ல, அப்ப சொல்லிற வேண்டியதுதான். இந்தா இருக்கு பாருங்க என் வலது கை. இது எனக்குத் துரோகம் பண்ணிருச்சு. ஊர்ல எவன் கை என்ன சொல்லுதுன்னு பாத்துப் பாத்துச் சொன்னவனுக்கு, தன் கை பண்ணப்போறதைப் பிடிக்கத் தெரியல.

எனக்கு ஒரே பொண்ணு. ரஞ்சனின்னு பேரு. கோயம்புத்தூர்ல படிச்சு, அங்கேயே ரெண்டு வருஷம் வேலையும் பாத்துச்சு. கல்யாணப் பேச்சு எடுத்தாலே அப்புறம் அப்புறம்னு தள்ளிக்கிட்டே வந்துச்சு. திடீர்னு ஒரு நாள், என் மச்சினன் தவமணி, அதான் என் வீட்டுக்காரி வேலம்மாவோட தம்பி, நல்ல இடம் ஒண்ணு இருக்கு மச்சான்னு வந்து நின்னான். பையன் பேரு திலீபன், சின்னமனூர்க்காரன், அவனும் கோயம்புத்தூர்லதான் வேலை பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டானாம். அதுக்கு முன்னாடி தவமணி ஒரு கோழிக்குக் கூட ஜோடி பாத்ததில்ல. இவனுக்கு எங்கிட்டுருந்து இந்த இடம் கிடைச்சுச்சுன்னு நான் கேட்டேன். மேல பாத்துக்கிட்டே, எல்லாம் அமையுறதுதான் மச்சான்னான். மேல பாத்துப் பேசுறவன் கடவுள் பக்தி உள்ளவன், அதனால நம்புனேன்.

பொண்ணு பாக்க வந்தாங்க. நான் ஒரு ஓரமா சேரைப் போட்டு உக்காந்து, வந்தவங்களை அளவெடுத்துக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டு வாசல் நிலை கொஞ்சம் தணிவு. புதுசா வர்றவன் எவனா இருந்தாலும் ஒரு முட்டு முட்டிட்டுத்தான் உள்ள வருவான். பையனோட அப்பா முட்டுனாரு. பையன் அவரை விட ஒரு ஜாண் உசரம். அவன் செல்போனைப் பாத்துக்கிட்டே வந்தான், நிலையை நிமிந்து கூடப் பாக்கல, சரியா அந்த இடத்துல தலையைக் குனிஞ்சு உள்ள வந்துட்டான். எனக்கு அப்பவே விளங்கிருச்சு. யாரும் சொல்லாமலே குனியுறவன் முதுகெலும்பு இல்லாதவன். நாளைக்கு நாலு பேரு முன்னாடி என் மகளுக்காக நிமிந்து நிப்பானா இவன்?

அப்புறம் ரஞ்சனி காப்பித் தட்டைக் கொண்டாந்துச்சு. சாதாரணமா மனுஷன் முன்னாடி இருக்குற டம்ளரைத்தானே எடுப்பான்? புள்ள தட்டை லேசா ஒரு பக்கம் திருப்புச்சு, இவன் தட்டோட அந்தக் கோடி மூலையில ஒளிஞ்சுகிட்டிருந்த டம்ளரை எடுக்குறான். சந்தேகப் பிராணி தம்பி. அதுலயும் அந்த டம்ளர்ல சீனியே போடலையாம். அது பின்னாடி வேலம்மா சொன்னா. சீனி இல்லாத காப்பியை முகம் சுளிக்காம குடிக்குறவன் உள்ளுக்குள்ள எதையும் வெளிய காட்டாதவன். ஆபத்தான ஆளு.

என் மக நின்ன நிலையைச் சொல்றேன் கேளுங்க. குனிஞ்ச தலை. கால் பெருவிரல் தரையில கோடு போடுது. அந்த விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்தேன். வாசல் பக்கம். விரல் எங்கிட்டுத் திரும்பியிருக்கோ அங்கிட்டுப் போகணும்னு மனசு துடிக்குதுன்னு அர்த்தம். அப்பா, என்னைய இங்கேருந்து வெளிய கூட்டிட்டுப் போயிருங்கன்னு எம்புள்ள வாயால சொல்லாம விரலால சொல்லுச்சு. வாசல் பக்கம் சேர் போட்டு உக்காந்திருந்தது அந்தப் பையன்தான், அது வேற விஷயம்.

அவங்க போனதுக்கு அப்புறம் மககிட்ட கேட்டேன். உங்க இஷ்டம்ப்பான்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிருச்சு. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கும்ல? நான் வேலம்மாகிட்ட சொல்லிட்டேன், இந்த இடம் வேண்டாம்னு. அவ தாலிக்கயித்தை விரல்ல சுத்திச் சுத்தி விட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம் சாந்தமா சொல்றா, "சரிங்க, வேண்டாம்னா வேண்டாம். ஆனா என் தம்பி கொண்டாந்த இடம். ஒரு மரியாதைக்குப் போயி வீட்டைப் பாத்துட்டு, கலந்து பேசித் தகவல் சொல்றோம்னு சொல்லிட்டு வந்துருவோம்." எங்க பக்கம் தகவல் சொல்றோம்னா வேண்டாம்னுதான் அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா. அவ இவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டது எனக்கே ஆச்சரியம். புருஷன் சொன்னா சொன்னதுதான்னு இருக்குற பொம்பளை, தாலிக்கயித்தைத் தொட்டுக்கிட்டே பேசுனா பாருங்க.

இங்கதான் தம்பி, எங்க பக்கத்துப் பழக்கம் ஒண்ணைச் சொல்லணும். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போனா, பேச்சு முடியாம அங்க கை நனைக்கக் கூடாது. தண்ணி குடிக்கலாம், தண்ணி எதிரி வீட்டுலயும் குடிக்கலாம். ஆனா தட்டுல கையை வச்சு ஒரு வாய் தின்னுட்டோம்னா, சம்மதம்னு அர்த்தம். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. தின்னுட்டு அதுக்கப்புறம் மாட்டேன்னா ஊரு பல்லு மேல நாக்கைப் போட்டுப் பேசும். எங்க பெரியப்பா ஒருத்தரு தவறிப்போயி ஒரு முறுக்கைக் கடிச்சதுக்கு எங்க அக்கா இன்னும் விருதுநகர்ல குடும்பம் நடத்துறா.

அதனால நான் உஷாரா இருந்தேன். ஆனா அன்னைக்குப் பாருங்க, எல்லாமே எனக்கு எதிராக் கூட்டு சேந்துருச்சு. விடிஞ்சதும் அடுப்பு எரியல. சிலிண்டர் தீர்ந்துபோச்சு. எங்க வீட்டுல ரெண்டு சிலிண்டர் உண்டு. ரெண்டும் ஒரே நாள்ல தீருமான்னு கேக்குறீங்க. தீருதே தம்பி, எங்க வீட்டுல தீருது. வழியில ஏதாவது சாப்பிட்டுக்குவோம்னா வேலம்மா. நான் ஹோட்டல்ல கை வைக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும், சர்வீஸ் பூரா சோத்து டப்பாதான். எனக்கு சுகர் வேற. நேரத்துக்கு ஒரு வாய் உள்ள போகலைன்னா கை நடுங்கும், கண்ணை இருட்டும், கோவம் வரும், அப்புறம் அழுகை வரும்.

காரு தவமணி ஓட்டுனான். வீரபாண்டி கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்னான். சரி, சாமி விஷயம். அப்புறம் டயர்ல காத்துக் குறையுதுன்னு ஒரு கடையில நிறுத்துனான். அந்தக் கடைக்காரன் டயரைத் தட்டிப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குங்குறான், இவன் இல்லண்ணே இன்னொரு தடவை பாருங்கங்குறான். வண்டி விஷயத்துல அப்படி ஒரு கவனம் அவனுக்கு. பதினோரு மணிக்குப் போக வேண்டிய வீட்டுக்கு ஒரு மணி தாண்டிப் போனோம். பசி வந்தா பத்தும் பறந்து போகும்பாங்க. எனக்கு எட்டு பறந்துருச்சு, மானமும் பிடிவாதமும் மட்டும்தான் மிச்சம்.

அந்த வீட்டுக்குள்ள கால் வச்சதும் ஒரு வாசம் வந்துச்சு. என்ன தெரியுமா? குழிப்பணியாரம். காரப் பணியாரம், வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு ஊத்துறது. எனக்கு உசிருக்குச் சமம் அது. கல்யாணப் பேச்சு நடக்குற வீட்டுல கேசரியும் பஜ்ஜியும் போடுவாங்க, எந்த ஊர்லயாவது குழிப்பணியாரம் போடுவாங்களா? முறை தெரியாத வீடுன்னு அதுலயே முடிவு பண்ணிட்டேன். அதுவும் பின்கட்டுல போட வேண்டியதை, ஹாலை ஒட்டி ஒரு அடுப்பை வச்சு அங்கிட்டு உக்காந்து சுடுறாங்க. புகை பூரா என் மூஞ்சிக்கு வருது.

பேச்சு ஆரம்பிச்சுச்சு. சம்பந்தியம்மா, அப்ப இன்னும் சம்பந்தி இல்ல, ஒரு தட்டு நிறையப் பணியாரம் கொண்டாந்து என் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல வச்சாங்க. வச்சுட்டுப் போயிட்டாங்க தம்பி. ஒரு வார்த்தை சாப்பிடுங்கன்னு சொல்லல. சொல்லியிருந்தா நான் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிக்கணும்மா, முறைன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருப்பேன். என்னைய யாராவது சாப்பிடச் சொன்னா நான் மறுத்துப் பழகுனவன், வேலம்மாவைக் கேட்டா சொல்லுவா. ஆனா சொல்லாதவங்ககிட்ட எப்படி மறுக்குறது? உபசரிக்கத் தெரியாத ஜனம். எல்லாரும் எங்கெங்கயோ பாக்குறாங்க. பையனோட அப்பா காலண்டரைப் பாக்குறாரு. தவமணி ஃபேனைப் பாக்குறான். ஒருத்தரு கூட அந்தத் தட்டைப் பாக்கல.

நான் பேசிக்கிட்டு இருக்கேன். வீடு நல்லா இருக்கு, சந்தோஷம், ஊருக்குப் போயி கலந்து பேசி... அவ்வளவுதான் சொன்னேன். தகவல் சொல்றோம்னு முடிக்கணும். அதுக்குள்ள வாய்க்குள்ள சூடா என்னமோ இருக்கு. இந்தக் கை, இந்தா இருக்கு பாருங்க, இது பாட்டுக்குப் போயி ஒண்ணை எடுத்து, காரச் சட்னியில முக்கி, வாயில போட்டுருச்சு. சத்தியமா எனக்குத் தெரியாது. கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலைன்னு நாலு பேரு வருத்தப்படுவாங்க. எனக்கு எட்டித் தொலைஞ்சுருச்சு.

மெல்லக் கூட இல்ல தம்பி, உள்ளேருந்து குலவைச் சத்தம். கதவுக்குப் பின்னாடி நாலஞ்சு பொம்பளைங்க தயாரா நின்னிருக்காங்க. பையனோட அப்பா வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு, ரெண்டாவது பணியாரம் கையில இருக்குறப்பவே. தவமணி ஓடிப்போயி கார் டிக்கியத் திறந்து வெத்தலை, பாக்கு, பூ, தேங்கா எல்லாம் வச்ச தட்டை எடுத்துட்டு வர்றான். இதெல்லாம் எப்படா வாங்குனன்னா, எதுக்கும் இருக்கட்டும்னு வச்சேன் மச்சாங்குறான். முன்யோசனை உள்ள பய. நான் வேலம்மாவைத் திரும்பிப் பாத்தேன். முந்தானைய வாயில பொத்திக்கிட்டு சுவரைப் பாத்துத் திரும்பி நிக்குறா. தோள் ரெண்டும் குலுங்குது. பெத்த வயிறு தாங்கல, தேம்பித் தேம்பி அழுகுறா. இத்தனை வருஷத்துல அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல.

என்ன தம்பி, கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டீங்க. அழுகாதீங்க. எளகுன மனசு உங்களுக்கு. தோளெல்லாம் குலுங்குது பாருங்க, அப்படியே வேலம்மா மாதிரி. சரி சரி, தண்ணி குடிங்க.

வீட்டுக்கு வந்து மககிட்ட விஷயத்தைச் சொன்னதும் புள்ள ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிருச்சு. ராத்திரி வரைக்கும் போன்ல யாரோ ஃப்ரெண்டுகிட்ட சொல்லி அழுதுக்கிட்டு இருந்துச்சு. வெளிய இருந்து கேட்டா சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. அழுகை முத்திப்போனா சிரிப்பு மாதிரித்தான் கேக்கும். நான் சோறு திங்காம படுத்துட்டேன். ஒரு பணியாரத்துக்கு மகளை வித்துட்டேனேன்னு ஆகிப்போச்சு தம்பி. நாலுன்னு தவமணி சொல்லுவான், நம்பாதீங்க.

கல்யாணம் நடந்துச்சு. நல்லாவே நடந்துச்சு. தாலி கட்டுறப்ப எம்புள்ள தலையைக் குனியாம அவனையே பாத்துச்சு, உன்னைய விட மாட்டேன்னு எச்சரிக்கிற மாதிரி. அன்னைக்கே நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்தக் கை இனிமே அந்த வீட்டு அன்னத்துல படாது. பட்டுச்சுன்னா அன்னைக்கு நடந்தது சரிதான்னு ஆகிரும். என் பொண்ணோட கண்ணீருக்கு நான் செய்யுற மரியாதை அது.

அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். தண்ணி மட்டும்தான் குடிச்சேன். முதத் தடவை ரஞ்சனி தட்டை வச்சு, இலையைப் போட்டு, பக்கத்துல நின்னுச்சு. எனக்குப் பசியில்லன்னேன். தட்டை எடுத்துட்டுப் போயி கழுவுச்சு. சாப்பிடாத தட்டு தம்பி, சுத்தமா இருந்த தட்டு. அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு ரொம்ப நேரம் கழுவுச்சு. சின்ன வயசுல இருந்தே சுத்தம் ஜாஸ்தி. அந்தப் பையன் அதுகிட்ட போயி குழாயை மூடிட்டு, தட்டை வாங்கி வச்சுட்டு, தோள்ல கையை வச்சுக்கிட்டு நின்னான். தண்ணிச் செலவு பாக்குறான்.

ரெண்டாந் தடவை போனப்ப புள்ள உடம்பு வச்சிருந்துச்சு. கவலையில சில பேரு தின்னுக்கிட்டே இருப்பாங்கள்ல, அதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் வேலம்மா சொன்னா, முழுகாம இருக்குன்னு. நான் பொம்பளைங்க விஷயத்தைப் பத்தி அவ்வளவா சொல்ல வரல. அவன் ஏதாவது சொன்னா புள்ள சிரிக்குது, எதுவும் சொல்லாட்டியும் சிரிக்குது. அப்பா முன்னாடி அப்படி நடிக்க வேண்டியிருக்கே அதுக்குன்னு நான் எந்திரிச்சு வெளித் திண்ணையில போயி உக்காந்துக்கிட்டேன்.

இப்ப விஷயம் என்னன்னா வளைகாப்பு வருது. வளையல் போட்டு தலைப்பிரசவத்துக்கு நாங்க கூட்டிட்டு வரணும், அதான முறை. ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. தொட்டில் கட்டுறதுக்கு விட்டத்துல கொக்கி நானே மாட்டுனேன், கீழே விழுந்துருமோன்னு நானே அதைப் பிடிச்சுத் தொங்கிப் பாத்தேன். போன வாரம் புள்ள அவங்கம்மாகிட்ட போன்ல சொல்லியிருக்கு. ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்க வச்சா வேலம்மா.

"அப்பா இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடட்டும்மா. அதுக்கப்புறம் வர்றேன். நான் வாழுற வீட்டை அவரு வீடா நினைக்கலைன்னா, அவரு வீட்டுக்கு நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் புள்ளை பெத்துக்க வர்றது?"

சொல்லிட்டு போனை வச்சிருச்சு தம்பி. வர மாட்டேங்குதே. அது இல்லாம எனக்கு எங்க வீடு வீடாவே இல்ல. அது குளிச்சிட்டு தலையைத் துவட்டிக்கிட்டே, என்னப்பா இன்னைக்கு யாரை இறக்கிவிட்டீங்கன்னு கேக்கும். இப்ப என்னைய யாரு கேக்குறா? தவமணி வந்தா டி.வி.யைப் பாத்துட்டுப் போறான். எனக்கு எம்புள்ளையப் பாக்கணும், அதுவும் என் வீட்டுல பாக்கணும், அவ்வளவுதான். ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.

வேலம்மா முழங்கால் வலிக்குது, நீங்க மட்டும் போயிட்டு வாங்கன்னுட்டா. காலையிலதான் கோலம் போடுறப்ப குத்தவச்சு எந்திரிச்சுக்கிட்டு இருந்தா, பாவம், எனக்காக வலியை மறைச்சுக்கிட்டு. இன்னைக்கும் பாருங்க, விடியக்காலம் சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ரெண்டும்தான். நேத்து மத்தியானம் வந்த சிலிண்டரு தம்பி. இந்த கேஸ் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு மனு எழுதிப் போடணும்னு இருக்கேன். காப்பியாவது போடும்மான்னேன், அதுக்கும் அடுப்பு எரியணும்லங்குறா. பத்து மணி பஸ்ஸைப் பிடிங்க, அப்பத்தான் மத்தியானம் போய்ச் சேருவீங்கன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனா. கையை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நின்னா. குளிருச்சோ என்னமோ.

தேனியில பஸ்ஸு நிக்குறப்ப நீங்க வடை வேணுமான்னு கேட்டீங்கள்ல, அப்பவே நான் சொல்லியிருக்கணும். வெளிய வாங்கித் திங்க மாட்டேன். அந்த பிஸ்கட்டும் வேண்டாம் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ல முகம் தெரியாத ஆளுங்க குடுக்குறதை வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னு பயணிங்களுக்கு வருஷம் பூரா எடுத்துச் சொன்னவன் நான். கை நடுங்குதா? அது ரோடு சரியில்ல.

என்ன கேட்டீங்க? திருப்பிச் சொல்லுங்க. ஒருவேளை உங்க பொண்ணுக்கு அந்தப் பையனை முன்னாடியே பிடிச்சிருந்துச்சோன்னா?

தம்பி, நீங்க நல்ல பையன், அதனால சொல்றேன். உங்களுக்கு அனுபவம் பத்தாது. இந்தப் பெருவிரல், சீனி இல்லாத காப்பி, முந்தானை அழுகை, இத்தனையையும் சொன்னதுக்கு அப்புறமும் இப்படிக் கேக்குறீங்களே. பெத்த அப்பனுக்குத் தெரியாததா? ஒரு பஸ்ஸுல எத்தனை பேரு மூஞ்சியப் பாத்து எத்தனை பேரு மனசைப் படிச்சவன் நான். என் வீட்டுல மூணே பேரு.

வீரபாண்டி தாண்டியாச்சு. இனி கொஞ்ச தூரம்தான். நான் என்ன செய்யப்போறேன்னு உங்களுக்கு யோசனையா இருக்கும். சொல்லிர்றேன். போவேன். பூவைக் குடுப்பேன். மகளைப் பக்கத்துல உக்கார வச்சு, தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சுட்டு, அம்மா தாயி, அப்பன் கையை நம்பாத, அப்பன் மனசை நம்பி வீட்டுக்கு வான்னு சொல்லுவேன். வரும். எனக்குத் தெரியும். அது வரலைன்னா அந்தக் கொக்கியை எப்படித் தினமும் பாத்துக்கிட்டு இருக்குறதுன்னு மட்டும் எனக்குத் தெரியல.

அந்தா, சின்னமனூரு வந்துருச்சு. அந்த பச்சைச் சேலை. டீக்கடைப் பக்கம், வயித்தைத் தாங்கி இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் என் மக. இந்த வெயில்ல எதுக்கு வந்து நிக்குது? பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நிக்குறவன்தான் மாப்பிள்ளை. பாத்தீங்களா அந்தக் குடையை? பூரா அது பக்கமே சாஞ்சிருக்கு, இவன் மண்டையில வெயிலு காயுது. ஒரு குடையை நேராப் பிடிக்கத் தெரியல, இவன் கையில ஒரு புள்ளையக் குடுத்திருக்கேன்.

கிட்ட வந்துருச்சு. கையெல்லாம் மாவு காஞ்சுபோயி இருக்கு, கழுவக் கூட நேரம் இல்லாம ஓடி வந்திருக்கு. பணியாரத்துக்கு ஊத்திக்கிட்டே இருந்திருக்கும். பஸ்ஸுல என்னையத் தேடுது. ஒவ்வொரு ஜன்னலாப் பாக்குது. இங்க இருக்கேம்மா.

சரி தம்பி, நான் வர்றேன். பேசுனதுல பொழுது போனதே தெரியல. சொன்னது சொன்னதுதான், தண்ணி மட்டும்தான். கொஞ்சம் காலை மடக்கிக்கங்க, நான் வெளிய வந்துர்றேன்.

என்ன, என் கையையே பாக்குறீங்க? பையா? ஆமா, இடது கைக்கு மாத்திட்டேன். கனமா இருந்துச்சு தம்பி, வேற ஒண்ணுமில்ல.